குவியலை அகற்ற யார் காசு?

"பூமியை நாம் எல்லோரும் சேர்ந்துதான் கெடுத்துவிட்டோம்" என்று யாராவது எழுதினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எரித்தது ஒருவர், இருமுவது இன்னொருவர். நடுவில் இந்த "நாம்" எங்கிருந்து வந்தது?

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை கிட்டத்தட்ட முக்கால் கிலோ. அதை எரித்தால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2.3 கிலோ. முதல்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். எரியும்போது கார்பன் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் இந்த எடை. உள்ளே போகிற முக்கால் கிலோவுக்குக் காசு கொடுக்கிறோம். வெளியே வருவதற்குப் பில் கிடையாது.

பில் இல்லையே தவிர, செலவு இருக்கிறது. அது வேறு யார் வீட்டுக்கோ போய்ச் சேர்கிறது. ஜார்கண்டின் ஜாரியாவில் 1916 முதல் நிலக்கரிப் படுகை மண்ணுக்கடியில் எரிந்துகொண்டிருக்கிறது. நிலம் வெடித்துப் புகை வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

(சரி, நீ மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லை. இந்த போனுக்கு சார்ஜ் ஏறியதும் எங்கோ நிலக்கரி எரிந்துதான்.)

எனக்கு மறக்கவே முடியாதது வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான். சுரங்கக் கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். ஏழாம் எண் குவியலுக்கு அடியில் ஊற்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆபத்து என்று 1963லேயே கடிதம் போயிருக்கிறது. 1966 அக்டோபர் 21, காலை 9.15 மணி. மழையில் ஊறிய குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். சுரங்கத்திலிருந்து மேலே ஏறிவந்த தொழிலாளர்களே சேற்றைத் தோண்டித் தேடினார்கள். விசாரணை ஆணையம் பழியை, சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்தின் மேல்தான் வைத்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. மேலே இன்னும் நின்ற குவியல்களை அகற்றுங்கள் என்று ஊரார் கெஞ்சினார்கள். அந்தச் செலவில் ஒரு பங்காக, குழந்தைகளை இழந்தவர்களுக்கென்று பொதுமக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே அரசு 1,50,000 பவுண்ட் எடுத்துக்கொண்டது. கொட்டியவன் இருக்க, புதைந்தவன் வீட்டிலிருந்து கூலி! 1997இல் அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது. அதே 1,50,000 பவுண்ட். வட்டி இல்லாமல்.