வால்டர் எலியட்டின் கடைசிக் கடிதம்

இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய விக்டோரியா காலத்து ஆங்கிலேய அதிகாரிகளின் சொந்தக் கடிதங்களில் ஓய்வூதியக் கவலையும் பழம்பெருமையும் தவிர வேறொன்றும் இல்லை என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1845-இல் ஆந்திரத்திலுள்ள அமராவதி பௌத்த ஸ்தூபத்தை அகழ்ந்து அதன் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவரும், சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து 1860-இல் ஓய்வுபெற்றவருமான சர் வால்டர் எலியட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில், ஏறத்தாழப் பார்வையை இழந்துவிட்ட முதுமையிலும், தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய நூலை அவர் எழுதி முடித்தார். 1887 மார்ச் 1 அன்று, அதாவது தாம் இறந்த நாளன்றே, ஜி. யு. போப்புக்கு ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதச் செய்து, தம் கையாலேயே ஒப்பமிட்டார். போப் அதிகாரி அல்லர், மதபோதகர்; எனினும் அக்கடிதத்தின் பொருள் திருக்குறள் பதிப்பு.

அமராவதிச் சிற்பங்கள் பின்னர் லண்டனுக்குச் சென்றுவிட்டது குறித்த நம் மனக்குறை நியாயமானதே, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மேலதிகாரியின் பார்வைக்கென எழுதப்பட்ட அரசு அறிக்கைகளில் இத்தகைய ஈடுபாட்டுக்கு இடமே இருந்ததில்லை. ஆகவே ஆய்வாளர்கள் சொந்தக் கடிதங்கள், அரசு அறிக்கைகள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.