18-55 லென்ஸுக்கு 55 ஃபில்டரா?

புது டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிய ஒரு தம்பிக்கு, "18-55 லென்ஸ் என்றால் 55 மி.மீ. ஃபில்டர் வாங்கு, சரியாக இருக்கும்" என்று ஒரு அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் அந்த 55, ஃபில்டரின் (லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி) அளவு இல்லை. 18-55 என்பது ஜூம் எங்கிருந்து எங்கே வரை போகும் என்கிற குவியத்தூரக் கணக்கு. ஃபில்டர் திருகும் மரையின் விட்டம் வேறு.

கேனான் 18-55 எஸ்டிஎம் லென்ஸுக்கு 58 மி.மீ. வேண்டும். நிக்கானின் ஏஎஃப்-எஸ் 18-55 விஆர் 2க்கு 52. இந்த மூன்றில் நிக்கான் ஏஎஃப்-பி 18-55க்கு மட்டும் 55 பொருந்தும். அண்ணாச்சியிடம் இருப்பது அதுவாக இருக்கலாம்.

யாரையும் கேட்க வேண்டாம், லென்ஸையே பாருங்கள். முன்பக்க வளையத்தில் வட்டத்தின் குறுக்கே சாய்கோடு போட்ட ஒரு குறி இருக்கும், அதை ஒட்டிய எண்தான் ஃபில்டர் அளவு. இல்லையென்றால் லென்ஸ் மூடியைக் கழற்றி உட்புறம் பாருங்கள், அங்கேயும் அந்த எண் இருக்கும்.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். சாரல் சீசனில் குற்றாலம் போகும் அவசரத்தில், ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்க என்று ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 55 போலரைசர் ஃபில்டர் வாங்கிவிட்டேன். ஐந்தருவி முன்னால் நின்று திருகினால் மரையே பிடிக்கவில்லை. என் லென்ஸில் 58 என்று வெள்ளை எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அந்த ஃபில்டர் இன்னும் பீரோவில்தான் கிடக்கிறது.