முல்லர் பார்த்த முழங்கால் ஜெபம்

மறுபடியும் பிறத்தல், அதாவது ஒருவர் மனம் திரும்பி இயேசுவுக்குள் புது வாழ்வு தொடங்குவது, ஒரு நாள் உணர்ச்சி, பிறகு வாழ்க்கை பழையபடிதான் என்று உங்கள் தொடர் கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் அனாதை இல்லங்கள் நடத்திய ஊழியர் ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கையைப் படித்த எனக்கு அதை ஏற்க மனம் வரவில்லை. அவர் பிரஷ்யாவில் (இன்றைய ஜெர்மனியில்) பிறந்தவர். அப்பாவின் பணத்தையே திருடியவர், விடுதிக்குக் காசு கொடுக்காமல் மாட்டி 16 வயதில் சிறைக்குப் போனவர். இறையியல் படிக்கும்போதும் குடியும் சீட்டாட்டமும்தான். 1825-இல் ஹாலே நகரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒருவர் முழங்கால்படியிட்டு ஜெபித்தார். போதகராகப் போகிற அந்த மாணவர் அதற்குமுன் யாரும் அப்படி ஜெபிப்பதைப் பார்த்ததே இல்லையாம்! பழைய பழக்கங்கள் எல்லாம் ஒரே நாளில் விட்டுப் போகவில்லை, ஆனால் ஆள் மாறத் தொடங்கிவிட்டார்.

அப்புறம் 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை. தேவையை ஜெபத்தில் மட்டும் சொல்வார். வந்த காசுக்குக் கணக்கு எழுதி அச்சிட்டும் வெளியிட்டார். இப்படி தேவனை மட்டும் நம்பி நடத்தும் விசுவாச ஊழியத்துக்குக் கணக்கு எதற்கு என்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1870-க்குள் ஐந்து பெரிய கட்டடங்கள், 2,000 பிள்ளைகளுக்கு இடம். கட்டுரையின் அடுத்த பகுதியில் தயவுசெய்து இவரைப் பற்றியும் எழுதுங்கள் ஐயா.