கரியமில வாயு மட்டும் போதாது
கரியமில வாயு மழைநீரில் கரைவதால்தான் அமில மழை பெய்கிறது என்று அமில மழை பற்றிய ஒரு கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை. அந்த வாயு கரைந்தால் மழையின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6 வரைதான் இறங்கும். அதற்கும் கீழே இழுப்பது பெரும்பாலும் நிலக்கரிப் புகையின் சல்ஃபர் டை ஆக்சைடுதான். மேகத்துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து கந்தக அமிலமாகிவிடுகிறது. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரிக் அமிலமாகின்றன. பள்ளி ஆய்வகத்தில் கந்தகத்தை எரித்து, அந்தப் புகை நிறைந்த ஜாடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி நீல லிட்மஸ் தாளை நனைப்போம். என் மாணவர்கள் மூக்கைப் பொத்தியபடி பார்க்கும்போதே, அமிலம் உருவானதற்கு அடையாளமாகத் தாள் சிவந்துவிடும். அப்புறம், ஆலை உள்ள ஊருக்குத்தான் பாதிப்பு என்று அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். பிரிட்டனின் உயரமான புகைபோக்கிகள் கக்கிய கந்தகமும் சேர்ந்துதானே வடகடல் தாண்டி நார்வே ஏரிகளில் மீன்களைக் கொன்றது!