டெக்னிக்கல் கவரிலேயே கழன்றவன் எழுதுவது

எல் அண்ட் டி நிறுவனத்தை நீர்மூழ்கிக் கப்பல் டெண்டரிலிருந்து கழற்றிவிட்டதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னதாக ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறவனுக்கு இதில் என்ன கருத்து என்று கேட்பீர்கள். டெண்டரில் முதலில் டெக்னிக்கல் கவரைப் பிரிப்பார்கள், அதில் தேறினால்தான் விலைக் கவர். அந்த விலைக் கவரைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு தகுதிதான்.

கதை பெரியது, சுருக்கிச் சொல்கிறேன். ப்ராஜெக்ட் 75(I) என்று பெயர். கடற்படைக்கு ஆறு டீசல்-மின்சார நீர்மூழ்கிகள். 2020 ஜனவரியில் மும்பை மசகான் டாக், எல் அண்ட் டி என இரண்டு இந்திய நிறுவனங்களையும் ஐந்து வெளிநாட்டு நிறுவனங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வெளியூர்க்காரர் ஒருவரோடு ஜோடி சேர்ந்து விலை கொடுக்க வேண்டும். 2021 ஜூலையில் டெண்டர் ஆவணம் போனது. அப்போது சொன்ன மதிப்பு 43,000 கோடி ரூபாய்.

சண்டை முழுக்க ஏஐபி என்ற ஒரு கருவியில் வந்து நிற்கிறது. சாதாரண டீசல் நீர்மூழ்கி பேட்டரியில்தான் முங்கி ஓடும். சார்ஜ் இறங்கியதும் மேற்பரப்பை ஒட்டி வந்து, குழாயை நீட்டிக் காற்றை இழுத்து எஞ்சினை ஓட்டியாக வேண்டும். எதிரி கண்ணில் சிக்குவது அப்போதுதான். ஏஐபி இருந்தால் வெளிக்காற்று இல்லாமலேயே மின்சாரம் கிடைக்கும், வாரக்கணக்கில் அடியிலேயே கிடக்கலாம். அந்த ஏஐபி ஏற்கெனவே கடலில் ஓடி நிரூபித்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நியாயமான நிபந்தனைதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் அதை எழுதிய நாளே ஆட்டம் பாதி முடிந்துவிட்டது. பிரான்சின் நேவல் குரூப் 2022இலேயே கும்பிடு போட்டு விலகியது. எங்கள் கடற்படையே ஏஐபி பயன்படுத்துவதில்லை, நாங்கள் எப்படிக் கடலில் காட்டுவது என்பது அவர்கள் வாதம். ரஷ்யர்களும் கொரியர்களும் வரவில்லை. 2023 ஆகஸ்டில் விலை கொடுத்தது இரண்டே ஜோடி. ஜெர்மனியின் டிகேஎம்எஸோடு மசகான் டாக், ஸ்பெயினின் நவான்டியாவோடு எல் அண்ட் டி.

ஜெர்மன்காரர்களின் ஃப்யூயல் செல் ஏஐபி பொருத்திய நீர்மூழ்கி 2005 முதல் அவர்கள் கடற்படையிலேயே ஓடுகிறது. நவான்டியாவின் எஸ்-80 வரிசையில் முதல் கப்பலான ஐசக் பெரால் 2023 நவம்பரில்தான் ஸ்பெயின் கடற்படைக்குப் போனது, அதுவும் ஏஐபி இல்லாமல். மூன்றாவது கப்பலில்தான் முதலில் பொருத்துவோம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். இது ரகசியம் இல்லை, கப்பல் பத்திரிகை படிக்கிற எவருக்கும் தெரியும். அப்புறமும் 2024இல் நம் குழு ஜெர்மனியில் கீல் நகருக்கும் ஸ்பெயினில் கார்ட்டஜீனாவுக்கும் போய்ச் சோதித்துவிட்டு வந்தது. கார்ட்டஜீனாவில் பார்த்தது தரையில் நிறுத்தி ஓட்டிய ஏஐபி. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தகுதியில்லை என்று செய்தி வந்தது.

தரையில் காட்டியது போதாது என்றால் கார்ட்டஜீனாவுக்கு ஏன் போக வேண்டும்? போதும் என்றால் ஏன் தள்ள வேண்டும்?

இதைவிட இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. 2024 டிசம்பர் 30ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் இன்னொரு ஒப்பந்தம் போட்டது. கடற்படையிடம் ஏற்கெனவே இருக்கிற கல்வரி வகை நீர்மூழ்கிகளில், அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஏஐபியைப் பொருத்துவதற்காக மசகான் டாக்குக்குச் சுமார் 1,990 கோடி. அந்த ஏஐபி 2021இல் சோதனையில் தேறியதும் தரையில்தான். ஒப்பந்தம் போட்டபோது அது கடலைப் பார்த்ததில்லை. அதன் பாகங்களைச் செய்துகொடுக்க ஒப்பந்தம் வைத்திருப்பது யார் தெரியுமா? அதே எல் அண்ட் டி! நம் சொந்தக் கண்டுபிடிப்புக்கு ஒரு தளர்வு, வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்குவதற்கு ஒரு கறார் என்று யாராவது விளக்கினால் ஏற்றுக்கொள்வேன். நானே அப்படித்தான் செய்வேன், என் பையன் பற்றவைத்ததற்கும் வெளியே கொடுத்து வாங்கியதற்கும் ஒரே அளவுகோல் வைக்க மாட்டேன். ஆனால் அந்த விளக்கத்தை அரசு எழுதி வெளியிட வேண்டுமே. நாம் படித்ததெல்லாம் ‘அதிகாரிகள் தெரிவித்தனர்’ ரகச் செய்திகள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மசகான் டாக்கின் பெரும்பங்கு அரசிடம், நிர்வாகம் அதே பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். மாப்பிள்ளை வீட்டுக்காரரே பஞ்சாயத்துக்கும் உட்கார்ந்த மாதிரி. முடிவு சரியாகவே இருந்தாலும் ஊர் நம்பாது. எல் அண்ட் டி ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கியின் உடற்கூட்டை ஹஜிராவில் செய்தவர்கள். நம் கட்டுப்பள்ளியில் கடலோரக் காவல்படைக்கு விக்ரம் வரிசை ரோந்துக் கப்பல்கள் ஏழையும் கட்டியவர்கள். அதற்காக அவர்களுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஓடாத ஏஐபியை வாங்கி மாட்டிக்கொள்வதைவிட ஜெர்மன் கப்பலே மேல் என்பதுதான் என் எண்ணமும்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு சண்டை நடந்தது. 2008இல் கடலோரக் காவல்படையின் புதிய ரோந்துக் கப்பல் வேலை லூசியானாவின் பொலிஞ்சர் நிறுவனத்துக்குப் போனது. முதல் கப்பலுக்கு மட்டும் சுமார் 8.8 கோடி டாலர். சில வருடம் முன்புதான் அதே பொலிஞ்சர் 110 அடிப் படகுகளை 123 அடியாக நீட்டிக்கொடுத்து, எட்டும் உடல் நெளிந்து ஓரங்கட்டப்பட்டிருந்தன. தோற்ற விஸ்கான்சின் நிறுவனம் மரினெட் சும்மா இருக்குமா? ஜிஏஓவில் புகார் கொடுத்தது. அது ராணுவத்தின் கீழ் இல்லாத, அவர்கள் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு. அங்கே 100 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும், உரிய நேரத்தில் புகார் போனால் பொதுவாக அதுவரை வேலை நிற்கும். 2009 ஜனவரியில் புகாரைத் தள்ளுபடி செய்தார்கள், பொலிஞ்சரே கட்டியது. ஆனால் ஏன் தள்ளுபடி என்று எழுதிய தீர்ப்பை இன்றைக்கும் யாரும் எடுத்துப் படிக்கலாம். வியாபார ரகசியம் இருந்தால் அந்த வரியை மட்டும் மறைத்துவிட்டு வெளியிடுவார்கள்.

நம்மிடம் புகார் பார்க்க வெளிக் கண்காணிப்பாளர்கள் காகிதத்தில் உண்டு. அவர்கள் எழுதுவது நம் கண்ணில் படாது. உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் 1994 டாடா செல்லுலார் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்றம் முடிவெடுத்த முறையைத்தான் பார்க்கும், முடிவைத் திரும்ப எடை போடாது. அதோடு நாளைக்கும் அதே அமைச்சகத்திடம்தான் வேலை கேட்டுப் போக வேண்டும், எந்தக் கம்பெனி வழக்குப் போடும்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு ஓர் அரசு அலுவலகத்துக்கு இரும்பு ரேக் செய்யும் டெண்டர். முன் அனுபவச் சான்றிதழ் ‘ஒத்த வேலை’ இல்லை என்று தள்ளிவிட்டார்கள். நான் கொடுத்தது பள்ளிக்கூட நூலக ரேக், அவர்கள் கேட்டது ஆவண ரேக். உள்ளே அடுக்குவது புத்தகமா ஃபைலா என்று இரும்புக்குத் தெரியுமா? தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 என்று ஒன்று இருக்கிறது, பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். அதற்குள் அந்த ரேக்குகளை வேறொருவர் மாட்டியே முடித்துவிட்டார்.

2025 செப்டம்பரில் மசகான் டாக்கோடு விலைப் பேச்சு தொடங்கியது. எதிரே இன்னொரு விலை இல்லாத பேச்சு. 43,000 கோடி 70,000 கோடியைத் தொட்டுவிட்டது என்கின்றன பத்திரிகைகள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகாவது மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை, மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு, நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லி நம் எம்பிக்கள் யாராவது கேட்கலாம்.

டெண்டரில் தோற்று, காரணத்தை எழுத்தில் வாங்கியவர்கள் இங்கே இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள். அடுத்த மாதம் எனக்கு ஒரு கவர் பிரிக்கிறார்கள்.