கல்லை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பகிர்கிறோம்

தெர்மோபிலேப் போரில் விழுந்த கிரேக்கத்து ஸ்பார்ட்டா வீரர்களுக்கான அந்த இரண்டு வரி மாதம் ஒருமுறையாவது யாருடைய முகநூல் சுவரிலாவது வந்துவிடும். "வழிப்போக்கனே, எங்கள் ஊராரிடம் போய்ச் சொல், அவர்கள் சொல்லுக்குப் பணிந்து இங்கே கிடக்கிறோம்." கீழே தவறாமல் கிரேக்கப் புலவர் சிமோனிதேஸ் பெயர். அந்த வரிகளைச் செதுக்கிய மூலக்கல் இன்று இல்லை. குன்றின் மேல் நின்று எல்லோரும் படமெடுப்பது நம் காலத்தில் பதித்த கல். வாசகத்தைக் காப்பாற்றித் தந்தவர் வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ். அவர் அந்த இடத்தில் மூன்று பாட்டுகளைத் தருகிறார். சிமோனிதேஸ் பெயரை மெகிஸ்தியாஸ் என்ற குறிசொல்லிக்கான பாட்டோடு மட்டும்தான் சேர்க்கிறார். பின்னால் வந்த ஆதென்ஸ் பேச்சாளர் லைக்கூர்கஸ் இதே ஈரடியை மேற்கோள் காட்டும்போது "சொல்லுக்கு" என்ற இடத்தில் "வழமைகளுக்கு" என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. கல் இல்லாததால் எது சரி என்று பார்த்துச் சொல்ல வழியும் இல்லை.

கிரேக்கக் கல்லறைப் பாட்டு என்றாலே இந்தச் சிக்கல் உண்டு. கல்லில் கிடைத்தவை ஒரு வகை, ஏட்டில் வந்தவை இன்னொரு வகை. பலாத்தீன் தொகை என்ற கிரேக்கக் குறும்பாட்டுத் திரட்டின் ஏழாம் பகுதியில் 700க்கும் மேற்பட்ட கல்லறைப் பாட்டுகள் உள்ளன. அவற்றில் பலவற்றை எந்த உளியும் தொட்டதில்லை. ஹோமர் கல்லறைக்கு என்று எழுதப்பட்டவை ஹோமருக்குப் பல நூற்றாண்டு கழித்துப் புலவர்கள் பாடிப் பழகியவை. நல்ல கவிதைகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் "ஒரு தாயின் கல்லறையில் எழுதியிருந்தது" என்று போட்டுப் பகிர்வதற்கு முன் கல் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

யாப்பைத் தெரிந்துகொள்ளாமல் கல்லைப் படிக்க முடியாது. தமிழ்க் காதுக்கு அது கஷ்டமும் இல்லை. தொடக்ககாலப் பாட்டுகள் அறுசீரடியால் ஆனவை. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து எலிஜி ஈரடி பரவுகிறது: முதலடி ஆறு சீர், இரண்டாமடி இரண்டரையும் இரண்டரையுமாக ஐந்து. குறளில் நாலுக்குப் பின் மூன்று சீர் வந்து சட்டென்று நிற்பதைப் போல, இங்கேயும் இரண்டாமடி குறுகி முடிகிறது. சீர் என்பது ஒரு நெடில் இரண்டு குறில், அல்லது இரண்டு நெடில். குறிலை அடுத்து மெய்கள் சேர்ந்து வந்தால் அந்த அசையும் பெரும்பாலும் நெடிலாகவே எண்ணப்படும்.

இது எதற்கு உதவும்? ஆதென்ஸைச் சுற்றியுள்ள அத்திக்காப் பகுதியின் மிர்ரினூஸில் (இன்றைய மெரெண்டா) கிடைத்த, ஃப்ரசிக்லெயா என்ற பெண்ணின் கல்லைப் பாருங்கள். காலம் கி.மு. 550–540 வாக்கில். "ஃப்ரசிக்லெயாவின் நினைவுச்சின்னம். என்றென்றும் நான் கன்னி என்றே அழைக்கப்படுவேன். மணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் எனக்குப் பங்காகத் தந்த பெயர் இது." அக்கால ஆதென்ஸ் எழுத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஒ, ஓ, ஊ மூன்றுக்கும் ஒரே எழுத்து. சுவடி படித்துப் பழகியவர்கள் சிரித்துக்கொள்வார்கள், நமக்கும் இதே தலைவலி உண்டே. கன்னி என்ற சொல் கல்லில் வெறும் நான்கு எழுத்து. அதை ஆதென்ஸ் பேச்சுப்படி "கொரே" என்று படிப்பதா, ஹோமர் காலத்து நடையில் "கூரே" என்று படிப்பதா?

அடியை அலகிட்டால் விடை வந்துவிடும்: சேமஃப்ர / சிக்லெய் / யாஸ்கூ / ரேகெக் / லேஸொமை / அய்யேய். மூன்றாம் சீரில் குறில் வைத்தால் அடி முறிகிறது. எனவே "கூரே". ஒரு சின்னப் பெண்ணின் கல்லறையில் காவிய நடைச் சொல்லை வைத்திருக்கிறார்கள் என்பது இந்த அலகீட்டில் இருந்துதான் நமக்குத் தெரிகிறது.

இந்தக் கல்லின் கதை இன்னும் அழகு. எழுத்துள்ள அடிக்கல் வெகுகாலம் அங்குள்ள தேவாலயத்தில் கட்டுமானக் கல்லோடு கல்லாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டிலேயே பாட்டு படியெடுக்கப்பட்டுவிட்டது, சிலையைக் காணோம். 1972இல் அருகே ஒரு குழியில் சிலை கிடைத்தது. சிலையைப் பீடத்தில் இறுக்கிய ஈய வளையத்தை வைத்து இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவை என்று உறுதி செய்தார்கள். கையில் விரியாத தாமரை மொட்டு. பக்கவாட்டில் பாரோஸ் தீவின் அரிஸ்தியோன் என்று சிற்பியின் பெயர். பாட்டில் "நான்" என்பது சிலையா, பெண்ணா என்று கேட்டால் இரண்டும்தான். நின்று உரக்கப் படிக்கிற வழிப்போக்கனின் வாயில்தான் அந்த "நான்" ஒலிக்கிறது. இவ்வளவையும் வெட்டிவிட்டு, சூரியன் மறையும் படத்தின் மேல் நாலு வரி போடுகிறோம்.

யாப்பு இடிக்கும் முதல் இடம் பெயர். செத்தவர் பெயரைப் புலவர் தேர்ந்தெடுக்க முடியாதே. ஆதென்ஸ் தளபதி அல்கிபியாதேஸ் பெயரில் மூன்று குறில் அடுத்தடுத்து வருவதால் எலிஜி யாப்பில் நுழையவே நுழையாது. அவரைப் பாடிய புலவர் கிரித்தியாஸ், பெயர் அடங்கவில்லை என்று பாட்டிலேயே சொல்லி அந்த அடியை வேறு யாப்பில் வைத்துவிட்டார். அது கல்லறைப் பாட்டு அல்ல. கல்லறையில் அப்படி வழக்காட முடியாது. அங்கே எளிய வழி, பெயரைப் பாட்டுக்கு வெளியே தனியாகப் பொறிப்பது. யாப்பில் அடங்குகிற பெயரைக்கூட அப்படி வெளியே வைப்பதுண்டு.

ஆதென்ஸின் பழைய இடுகாடான கேரமெய்க்கோஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அம்ஃபரெத்தேயின் கல் (கி.மு. 410 வாக்கில்) அப்படித்தான். பெயர் தனியே நிற்கிறது. பாட்டில் பேசுபவள் பாட்டி: "என் மகளின் குழந்தை இது. இருவரும் உயிரோடு வெயிலின் ஒளியைக் கண்டபோது மடியில் வைத்திருந்தேன். இப்போது இறந்த குழந்தையை இறந்த நான் வைத்திருக்கிறேன்." மூன்றே அடி: ஆறு சீர், ஐந்து, மறுபடி ஆறு. புடைப்புச் சிற்பத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஒரு பறவை. "இது" என்று பாட்டு சுட்டுவது அந்தக் குழந்தையை. படம் இல்லாமல் அந்தச் சொல் அந்தரத்தில் தொங்கும். முதலடியில் புணர்ந்து மறைய வேண்டிய உயிரைச் செதுக்கியவர் அப்படியே முழுசாகப் பொறித்திருக்கிறார். எழுத்தெண்ணிப் படித்தால் அடி நீளும். இதைப் புலவரின் பிழை என்று எழுதிவிடக் கூடாது. நாம் குற்றியலுகரத்தை எழுதிவிட்டுப் புணர்த்திப் படிப்பதில்லையா?

கல்லெழுத்தைத் தாளில் படியெடுக்கும் முறை நம் கல்வெட்டு மைப்படியிலிருந்து கொஞ்சம் வேறு. மை கிடையாது. கல்லை மென்தூரிகையாலும் தண்ணீராலும் கழுவி, கெட்டியான வடிதாளை நனைத்துப் போர்த்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கெட்டிமயிர்த் தூரிகையால் தட்ட வேண்டும். காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடத்தில் எழுத்து விழாது. காயும் முன் உரித்தால் தாள் இழுபட்டு அளவு மாறும். பழைய வண்ணம் ஒட்டியிருக்கும் கல்லில் இதைச் செய்யவே கூடாது, வண்ணம் தாளோடு வந்துவிடும்.

உடைந்த இடங்களை நிரப்புவதில் இரண்டு பிடிமானம் உண்டு: எழுத்துகள் கட்டம் போட்டதுபோல் அடுக்கியிருந்தால் எத்தனை எழுத்து போயிற்று என்ற கணக்கு, மற்றொன்று யாப்பு. இரண்டும் ஒத்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சொல் பொருந்தலாம். அதனால்தான் நிரப்பியதைச் சதுர அடைப்புக்குள் போடுகிறார்கள். பகிரும்போது முதலில் காணாமல் போவது அந்த அடைப்புதான்.

இதற்கு எடுத்துக்காட்டாகச் செய்கிலோஸ் கல் ஒன்று போதும். துருக்கியில் அய்தின் அருகே, பழைய த்ரால்லெஸில், 1883இல் வெளிவந்த பளிங்குத் தூண். இப்போது கோபன்ஹேகனில் இருக்கிறது. முதலில் கல் தானே பேசும் எலிஜி ஈரடி. அதற்கு இசைக்குறி இல்லை. அடுத்து "வாழும்வரை ஒளிர்ந்திரு" என்று தொடங்கும், இசைக்குறியோடு கூடிய பாட்டு. "இறந்த மனைவி யூதெர்ப்பேக்குக் கணவன் பாடியது" என்று எல்லோரும் உருகுகிறார்கள். கல்லில் இருப்பது "செய்கிலோஸ் யூதெர்" வரைதான். மீதியை "யூதெர்ப்பேக்கு" என்றும் நிரப்பலாம், "யூதெர்ப்போஸின் மகன்" என்றும் நிரப்பலாம். தூணின் அடிப்பாகத்தைப் பூந்தொட்டி வைக்க வாகாக இருக்கட்டும் என்று அறுத்துவிட்டார்கள், கடைசி வரி அதில் சிதைந்தது.