நூறு ஜிஎஸ்எம்மாம், மண்ணாங்கட்டி

அம்பாசமுத்திரத்துல இருந்து பெரியப்பா போன் பண்ணினார். அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. அவர் பேசுவார், நாம கேட்டுக்கணும், அவ்வளவுதான். பதில் சொல்றதா இருந்தா லெட்டர்தான் போடணும். "ஏலே, அழுதுக்கிட்டேவா எழுதின? எழுத்தெல்லாம் கரைஞ்சு கெடக்கு. வேலையில ஏதும் பிரச்சினையாடே?"

நான் அழலை பெரியப்பா. நோட்டு விக்கிறவன்தான் என்னை அழ வைக்கிறான்.

எனக்கு ஊதா மை பிடிக்கும். தாத்தா பம்பாய் பரேல்ல மில்லுல கணக்கு எழுதினவர். ஈரம் பட்டா ஊதாவாகுற காப்பியிங் பென்சிலை நாக்குல தொட்டுத் தொட்டு எழுதுவார், நாக்கு நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கும். அந்த நிறம் மனசுல ஒட்டிக்கிச்சு. ஆசைப்பட்டு என் ஃபவுன்டன் பேனாவுக்கு ஒரு பாட்டில் ஊதா இங்க் வாங்கினேன். அன்னைக்குப் பிடிச்சது சனி.

ஊதாவை மட்டும் ஏன் இப்படித் திட்டுறேன்னா, அது பெரும்பாலும் ஒரே சாயம் கிடையாது. நீலமும் சிவப்புமாக் கலந்த கூட்டணி. நல்ல தாள்ல ரெண்டும் ஒத்துமையா நிக்கும். உறிஞ்சுற தாள்ல விட்டா ஒண்ணு முன்னாடி ஓடும், இன்னொண்ணு பின்னாடி நொண்டும். டிஷ்யூ பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, நீலம் தனி வளையம், ரோஸ் தனி வளையம். என் லெட்டர்ல நடந்ததும் அதேதான். எழுத்து நடுவுல கத்திரிக்காய் நிறம், ஓரமெல்லாம் ரோஸ் மீசை. கருப்பு மை ஊறினா ஏதோ அசிங்கமா இருக்குன்னு போயிடலாம். இது அழுத மாதிரி இருக்கு!

சரி, தாளை மாத்துவோம்னு அப்துல் ரஹ்மான் ஸ்ட்ரீட்டுக்குப் போனா, கடைக்காரர் ஒரு நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு "ஹெவி பேப்பர் சாப், ஹண்ட்ரட் ஜிஎஸ்எம்!"னு நெஞ்சை நிமித்துறார். நானும் நம்பி வாங்கிட்டு வந்தேன். பின்பக்கம் தெரியலைங்கிறது உண்மை. ஆனா முன்பக்கம் எழுத்துக்கு எழுத்து வேர் விட்டிருக்கு, அரசமரம் மாதிரி.

ஜிஎஸ்எம்ங்கிறது ஒரு சதுர மீட்டர் தாளோட எடை. எடை மட்டும்தான்யா! மை ஊறுமா ஊறாதாங்கிறதைத் தீர்மானிக்கிறது தாளுக்குப் போடுற கஞ்சி. ஸ்டார்ச்சு, ரோசின், இப்ப வேற வேற ரசாயனம். மில்லுக்காரங்க சைஸிங்னு சொல்றது. ஜப்பான்காரனோட டோமோயே ரிவர் தாள் வெறும் 52 ஜிஎஸ்எம். அந்தப் பக்கம் எழுதினது நிழலாத் தெரியும், ஆனா ஒரு பொட்டு மை ஊறாது, ஓரம் கத்தி மாதிரி நிக்கும். என்ன, அதுல மை காயுறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம். நம்ம ஊர் நோட்டு அட்டையில பக்கம் எத்தனை, நீளம் எத்தனை, ஜிஎஸ்எம் எத்தனைன்னு எல்லாம் இருக்கு. கஞ்சி போட்டானா இல்லையாங்கிற ஒரே விஷயம்தான் இல்லை. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை, அது எதுலயும் எழுதும். வாங்குறவன் எல்லாம் பால்பாயின்ட்காரன்தானேன்னு கஞ்சியில கை வைக்கிறாங்கன்னு எனக்குப் பலமான சந்தேகம்.

இன்னொரு கூத்து, ஒரே தாளுக்கு ரெண்டு முகம். தாள் செய்யும்போது கம்பி வலை மேல படியுற பக்கம் ஒரு மாதிரி, மேல் பக்கம் வேற மாதிரி. போன வாரம் ஒரு நோட்டுல வலது பக்கம் அழகா எழுதி, ஆஹா கிடைச்சுடுச்சுன்னு திருப்பினா, பின்பக்கம் எறும்பு மையில நடந்துட்டுப் போன மாதிரி இருக்கு.

தமிழ் எழுதுறவனுக்கு இது தனி வதை. இங்கிலீஷ்காரனுக்கு ஐ மேலயும் ஜே மேலயும் வைக்கிறதோட முடிஞ்சுது. நமக்கு வரிக்கு ஏழெட்டுப் புள்ளி. புள்ளி வைக்க நிப் ஒரு கணம் தாள்ல நிக்கணும். மட்டமான தாள் அந்த ஒரு கணத்துலயே குடிச்சுடும். கடுகு வைக்கப் போய் மிளகு விழும். மீடியம் நிப்புல "வெண்ணெய்"னு எழுதினேன், ணகரத்துச் சுழியெல்லாம் அடைச்சுக்கிட்டு ரெண்டு கம்பளிப்பூச்சி உக்காந்திருக்கு.

ஃபைன் நிப்புக்கு மாத்துன்னு புத்தி சொல்லுவீங்க. மாத்தினேன். ஜப்பான் ஃபைன், ஜெர்மன் ஃபைனை விட இன்னும் மெலிசு. மை வத்தலா வருது. இந்த அடர் ஊதா அதுல கருப்பா நீலமான்னே தெரியலை, அதுக்கு நான் ஊதா வாங்கியிருக்கவே வேண்டாம். அது போக, மெல்லிசாத் தொட்டா புள்ளி விழவே மாட்டேங்குது. "அபபா எபபடி இருககார"ன்னு பெரியப்பாவுக்கு எழுதினா, பையனுக்குத் தமிழ் மறந்துபோச்சுன்னு ஊருக்கே சொல்லிடுவார். நிப்போட நடுப்பிளவுல தாளோட நார் ஒண்ணு வேற மாட்டிக்கும். திடீர்னு எழுத்துக்குப் பக்கத்துல பூனை மீசை மாதிரி கூடவே ஒரு கோடு. பிளேடு முனையால அதை நோண்டி எடுத்து, விரலெல்லாம் ஊதாவாகி, டிரெயின்ல பக்கத்து ஆள் "ஓட்டுப் போட்டீங்களா?"ங்கிறார். அது மைசூர்ல செய்யுற வெள்ளி நைட்ரேட் மைங்க, இது என் தலையெழுத்து.

இதுக்கு மேல ஜூலை மாசத்து பம்பாய். சயான்ல எங்க வீட்டுச் சுவரே வேர்க்குது. ஏப்ரல்ல சமத்தா இருந்த அதே நோட்டு, மழையில நமுத்த அப்பளமா ஆகி மையைக் குடிக்குது. எழுதுற கை தாள்ல பட்டா வேர்வையில இன்னொரு கரைசல். இன்லேண்ட் லெட்டர்ல எழுதலாம்னா அந்த நீலத்துல ஊதா அமுங்கிப் போகுது. மஞ்சள் போஸ்ட் கார்டுல எழுதினா பழுப்பாகி, பழைய பத்திரம் மாதிரி ஆகிடுது.

1856-ல பெர்கின்னு ஒரு பதினெட்டு வயசுப் பையன் மலேரியா மருந்து கொய்னா செய்யப் போய்த் தவறுதலா ஊதாச் சாயத்தைக் கண்டுபிடிச்சான். தவறுதலாவே அவனுக்கு ஊதா வந்துச்சு. நான் காசு கொடுத்து வாங்கி, மூணு பேனா, ஒன்பது நோட்டு பார்த்தாச்சு, எனக்கு வரலை.

நேத்து பெரியப்பாகிட்ட இருந்து கார்டு வந்துச்சு. பால்பாயின்ட். ஒரு புள்ளி பிசகலை. "உன் தாத்தா காப்பியிங் பென்சில் ரெண்டு என்கிட்ட இருக்கு, அனுப்பட்டா?"ன்னு கேட்டிருக்கார்.